கேட்பாரற்ற வைப்பும் கேட்பாரற்ற கடிதமும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளாகப் பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்கிப் பொன்னெடுத்த ஊர் அன்றோடு தன் தொழிலை இழந்தது. அதன் பின்னர் நேர்ந்தவற்றைப் பலரும் எழுதியிருக்கின்றனர். மாரிக்குப்பத்தில் விடியலுக்கு முன் புறப்படும் தொடர்வண்டியில் பெங்களூருக்குச் சென்று இரவில் வீடு திரும்புவோரின் வாழ்வும், வெறுமையான லைன் வீடுகளும், சயனைடு மேடுகளும் செய்தித்தாள்களில் இடம்பெற்றுவிட்டன. ஒன்றை மட்டும் எவரும் குறித்ததாகத் தெரியவில்லை. தங்கவயலின் பிள்ளைகள் வேலை தேடி வெளியூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்ற அந்த ஆண்டுகளிலேதான், தபால்காரர் கையில் வந்த கடிதம் குறைந்து இலவச மின்னஞ்சல் பெருகியது. வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் பெரும்பகுதி தாளில் எழுதப்படவே இல்லை. ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் இருந்த பிரௌசிங் சென்டர்களில், மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுத்து அவை படிக்கப்பட்டன. அக்கடிதங்கள் இன்று எங்கே இருக்கின்றன என்பதே நமது கேள்வி.

இலவச மின்னஞ்சலின் வரலாற்றில் தங்கவயலுக்கு நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கும் ஒரு பங்கு உண்டு. அந்நகரில் பள்ளிக்கல்வி பயின்ற சபீர் பாட்டியாவும் அவருடைய நண்பர் ஜாக் ஸ்மித்தும் அமெரிக்காவில் ஹாட்மெயில் சேவையை 1996-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் தொடங்கினர். மறு ஆண்டின் இறுதியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதனை வாங்கியது. உலகின் எந்த மூலையிலுள்ள கணினியிலிருந்தும் தன் கடிதத்தைத் தானே திறந்து பார்க்கலாம் என்பது அன்று பெரும் வியப்பு. சொந்தக் கணினி இல்லாதவருக்கும் சொந்த முகவரி கிடைத்தது. லைன் வீட்டில் பிறந்தவரும் பெருநிறுவன அதிகாரியும் ஒரே வகை முகவரியை வைத்திருந்தனர். இந்தச் சமத்துவத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆயினும் அந்தப் பெட்டி மிகச் சிறியது. தொடக்கத்தில் ஹாட்மெயில் அளித்த இடம் 2 மெகாபைட் மட்டுமே. இன்றைய கைப்பேசி எடுக்கும் ஒரு புகைப்படத்திற்கே அது போதாது. முப்பது நாள்கள் உள்நுழையாமல் இருந்தால் கணக்கு செயலிழந்து கடிதங்கள் அழிக்கப்படும் என்ற விதியும் இருந்தது. ஆகவே அக்காலத்தில் எவரும் மின்னஞ்சல் பெட்டியைச் சேமிப்பறையாகக் கருதவில்லை. புதிய கடிதம் வர வேண்டுமாயின் பழைய கடிதத்தை அழித்தாக வேண்டும். முக்கியமானவற்றை இரண்டு ரூபாய் கொடுத்து அச்செடுத்து வைத்துக்கொண்டவர்களும் இருந்தனர். அவர்களிடம் அந்தத் தாள்கள் இன்றும் இருக்கக் கூடும்.

நிலைமை மாறியது 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில். அன்று ஜிமெயில் ஒரு கிகாபைட் இடத்துடன் அறிமுகமானது. அறிவித்த நாள் காரணமாகப் பலர் அதனை விளையாட்டு என்றே எண்ணினர். இனி எதையும் அழிக்கவே தேவையில்லை என்பதுதான் அதன் விளம்பரச் சாரம். மற்ற நிறுவனங்களும் அடுத்தடுத்து இடத்தைப் பெருக்கின. அன்றுமுதல் நம் பழக்கம் தலைகீழாயிற்று. வீட்டுப் பத்திரத்தின் நகல், பிள்ளையின் மதிப்பெண் பட்டியல், தந்தையின் பணிச்சான்று, வங்கி அனுப்பிய வைப்புநிதி அறிவிப்பு என அனைத்தையும் நமக்கு நாமே அனுப்பி அங்கேயே விட்டுவைத்தோம். பென் டிரைவ் வாங்க வசதியில்லாத மாணவனுக்கு அதுவே பீரோ. பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டிக்கு அளித்த நம்பிக்கையை அப்படியே இந்தப் பெட்டிக்கும் அளித்தோம்.

இவ்விரு பெட்டிகளும் ஒன்றல்ல என்பதைத் தங்கவயலின் வரலாற்றிலிருந்தே காட்டலாம். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ஆம் ஆண்டு சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். ஓராண்டுக்குப் பின் அது ‘தமிழன்’ என்ற பெயருடன் வெளிவந்தது. தங்கவயலில் அவ்விதழுக்கு ஆழ்ந்த வாசகர் கூட்டம் இருந்தது. மாரிக்குப்பத்தில் அவருடைய பௌத்த சங்கத்தின் கிளை இயங்கியது. பண்டிதர் 1914-இல் மறைந்தார். 1920-களில் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே ‘தமிழன்’ இதழுக்கு மீண்டும் உயிரூட்டினார். பிறகு அவ்விதழும் நின்றது. பண்டிதரின் பெயரே பொதுநினைவிலிருந்து ஏறத்தாழ மறைந்தது. 1999-ஆம் ஆண்டில் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தபோது தமிழுலகம் வியந்தது. அத்தொகுப்பு இயன்றதற்குக் காரணம், தங்கவயலிலும் பிற ஊர்களிலும் அன்பர் குடும்பங்கள் அந்தப் பழைய தாள்களை வீட்டில் வைத்திருந்ததே.

அவ்வீடுகளில் சிலர் அவற்றைப் போற்றிப் பாதுகாத்திருப்பர். சிலர் வெறுமனே எடுத்தெறியாமல் இருந்திருப்பர். தாளுக்கு அது போதும். எண்பது ஆண்டுகள் ஒருவரும் திறக்காவிட்டாலும், கரையானும் மழையும் தொடாதவரை டிரங்குப் பெட்டி தன் உள்ளடக்கத்தை விட்டுக்கொடுக்காது. மின்னஞ்சல் பெட்டியின் இயல்பு நேர்மாறானது. அதனை எவரும் திறக்கவில்லை என்பதே அதனை அழிப்பதற்கான காரணமாகிறது. கூகுள் நிறுவனம் 2023 மே மாதத்தில், இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை அவற்றின் கடிதங்கள், படங்கள், ஆவணங்களுடன் நீக்கப்போவதாக அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பரிலிருந்து அந்நடைமுறை தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்கும் இரண்டு ஆண்டுகளே வரம்பு. யாஹூவில் பன்னிரண்டு மாதங்கள்.

மின்னஞ்சல் தொலைவது என்றதும் கணினிக் கோளாறுதான் நம் மனத்தில் தோன்றும். நடந்தவற்றைப் பார்த்தால் அந்த அச்சம் இடம் மாறி இருப்பது விளங்கும். 2010-ஆம் ஆண்டின் இறுதியில் 17,355 ஹாட்மெயில் பயனர்கள் தங்கள் பெட்டி காலியாகக் கிடப்பதைக் கண்டனர். சோதனைக்காக உருவாக்கிய போலிக் கணக்குகளை நீக்க வேண்டிய நிரல் ஒன்று, உண்மையான கணக்குகள் சிலவற்றின் இருப்பிடக் குறிப்பையும் சேர்த்து நீக்கிவிட்டது. சில நாள்களில் கடிதங்கள் மீட்கப்பட்டன. இரண்டு மாதங்கள் கழித்து 2011 பிப்ரவரி இறுதியில் ஜிமெயிலிலும் அவ்வாறே நேர்ந்தது. மென்பொருள் புதுப்பிப்பில் இருந்த பிழையால் பயனர்களில் ஏறத்தாழ 0.02 விழுக்காட்டினரின் பெட்டிகள் வெறுமையாயின. கணினியிலுள்ள நகல்களும் பாதிக்கப்பட்டதால், வெளியே தனியே வைத்திருந்த காந்த நாடாக்களிலிருந்து கடிதங்களை எடுத்துக் கொடுத்தது கூகுள். பழங்காலத்துப் பொருளாகத் தோன்றும் நாடாவே அன்று துணைக்கு வந்தது என்பது சுவையான செய்தி. பிழையால் தொலைந்தவை திரும்பி வந்தன. விதியால் நீக்கப்பட்டவை வருவதில்லை. நாம் அஞ்ச வேண்டியது அந்த விதியைத்தான்.

விதிக்கு முன்பே கதவடைக்கும் இன்னொன்றும் உண்டு. கடவுச்சொல்லை மறந்தவர் தன்னை நிரூபிக்க, கணக்கோடு இணைத்த கைப்பேசி எண்ணுக்கு வரும் குறுஞ்செய்தியைக் காட்ட வேண்டும். அந்த எண் 2009-இல் வாங்கியது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் துண்டிக்கப்பட்டது. துண்டிக்கப்பட்ட எண் குறைந்தது 90 நாள்கள் கழித்து வேறொருவருக்கு வழங்கப்படலாம் என்பது நம் நாட்டின் தொலைத்தொடர்பு நடைமுறை. ஆக, நம் கடிதப் பெட்டியின் சாவி முன்பின் அறியாத ஒருவரின் சட்டைப்பையில் இருக்கிறது. அது சாவி என்பதை அவரும் அறியார். கடிதங்கள் அங்கேயே இருக்கின்றன, நாம் மட்டும் உள்ளே செல்ல இயலாது. உள்ளே செல்லாமையால் இரண்டு ஆண்டுக் கெடு ஓடத் தொடங்குகிறது.

நமக்கு நன்கு அறிமுகமான ஆண்டர்சன்பேட்டைக் குடும்பம் ஒன்றில் இவ்வாறே நிகழ்ந்தது. தந்தை சுரங்கத்தில் பணியாற்றியவர். சுரங்கம் மூடிய மறு ஆண்டு மகன் வளைகுடா நாட்டுக்குச் சென்றார். அக்காவுக்கு வாரந்தோறும் மின்னஞ்சல் எழுதுவார். ஆங்கில எழுத்தில் தமிழ். அக்கா ஞாயிற்றுக்கிழமை பிரௌசிங் சென்டரில் அதனைப் படித்து, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வாய்மொழியாகச் சொல்வார். தந்தையின் பணிச்சான்று, சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை ஸ்கேன் செய்து தம்பிக்கும் தமக்குமாக அவர் அனுப்பி வைத்ததும் அங்கிருந்துதான். பின்னாளில் கைப்பேசி வந்தது, புதிய முகவரி வந்தது, பேச்சு வாட்ஸாப்புக்கு மாறியது. பழைய பெட்டியை எவரும் மூடவில்லை, திறக்கவுமில்லை. தம்பி வெளிநாட்டிலேயே நோயுற்று இறந்தார். ஓராண்டு கழித்து, ஓய்வூதிய ஆவணத்தில் தந்தையின் பெயரிலிருந்த எழுத்து வேறுபாட்டைத் திருத்த அம்மா பழைய பணிச்சான்றைக் கேட்டார். மூலத்தைக் கரையான் தின்றிருந்தது. பெட்டியைத் திறக்க முயன்றபோது அப்படியொரு கணக்கே இல்லை என்று திரையில் பதில் வந்தது. சான்றின் நகலை வேறு வழியில் அலைந்து பெற்றுவிட்டனர். கடிதங்கள் போயின. “வீட்டுல இருந்த பெட்டின்னா பூட்டை உடைச்சாவது திறந்திருப்பேன் அண்ணா, இதுல பெட்டியே இல்லைங்கறாங்க” என்று அந்தச் சகோதரி கூறியதற்கு நம்மிடம் பதிலில்லை.

தவறு யாருடையது? நிறுவனம் தன் விதியை வெளியிட்டிருந்தது. எச்சரிக்கையும் அனுப்பியிருக்கக் கூடும், ஆனால் அந்த எச்சரிக்கை சென்றது எவரும் திறக்காத அதே பெட்டிக்கு. காலியான வீட்டின் கதவிடுக்கில் செருகிய அறிவிப்பு அது.

இவ்விடத்தில் வங்கிக் கணக்கை நினைத்துப் பார்ப்பது பொருந்தும். நம் நாட்டில் ஒரு சேமிப்புக் கணக்கில் வாடிக்கையாளர் இரண்டு ஆண்டுகள் எவ்விதப் பரிவர்த்தனையும் செய்யாவிடின் அது செயலற்ற கணக்கு எனப்படும். மின்னஞ்சலுக்கும் இரண்டு ஆண்டுகள், வங்கிக்கும் இரண்டு ஆண்டுகள். ஒப்புமை அதோடு முடிகிறது. 2024 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகளின்படி, செயலற்ற சேமிப்புக் கணக்குக்கும் வட்டி தொடர்ந்து வரவு வைக்கப்பட வேண்டும். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்பதற்காக அபராதம் விதிக்கலாகாது. கணக்கை மீண்டும் இயக்கக் கட்டணம் வாங்கலாகாது. கணக்குதாரரைக் கடிதம், குறுஞ்செய்தி, மின்னஞ்சல் வழியே வங்கி தேட வேண்டும். பத்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் தொகை, வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, 2014-இல் அமைந்த வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதியத்திற்கு மாற்றப்படும். அப்போதும் அது வைப்பாளருடைய பணமே. அவரோ அவருடைய வாரிசோ எந்நாளும் வங்கியை அணுகிப் பெறலாம். பல வங்கிகளில் மறந்துபோன வைப்புகளை ஒரே இடத்தில் தேடுவதற்கு ‘உத்கம்’ என்னும் இணையதளத்தையும் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி திறந்தது.

இத்தனை ஏற்பாடும் ஏன்? மனிதர் மறப்பர், ஊர் மாறுவர், இறப்பர் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. மறதிக்குத் தண்டனையாக உடைமையைப் பறிக்கலாகாது என்ற முடிவுக்கு நாடு வந்தது. ஐந்நூறு ரூபாய் இருப்புள்ள கணக்குக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. இறந்த தம்பியின் பத்தாண்டுக் கடிதங்களுக்கு இல்லை. பணத்திற்கு வேறு பணம் ஈடாகும். அந்தக் கடிதங்களுக்கு ஈடாக எதைக் கொடுப்பது? முகவரியும் அனுப்பியவர் பெயரும் விளங்காத தாள் கடிதத்தைக்கூட அஞ்சல் துறை உடனே கிழித்தெறிவதில்லை. அவ்வகைக் கடிதங்களைத் திறந்து, உரியவரைக் கண்டறிய முயல்வதற்கென்றே தனி அலுவலகம் வைத்திருந்த துறை அது.

மறுதரப்பின் வாதங்களையும் எடைபோட வேண்டும். முதலாவது, இது இலவசச் சேவை. கட்டணம் வாங்காதவரிடம் காவல் கேட்கலாமா என்பது. வாடிக்கையாளர் பணம் தரவில்லை என்பது உண்மையே. ஆனால் அவர் பார்த்த விளம்பரங்களால் நிறுவனம் வருவாய் ஈட்டியது. “எதையும் அழிக்க வேண்டாம்” என்று அழைத்துத்தான் அவரை உள்ளே சேர்த்தது. சேமித்து வைக்கச் சொன்னவர், சேமித்ததற்கான சிறு பொறுப்பையேனும் ஏற்க வேண்டும். இரண்டாவது வாதம் வலுவானது. கேட்பாரற்ற கணக்குகளில் பழைய கடவுச்சொல்லே இருக்கும், இருபடிச் சரிபார்ப்பு இராது. திருடர்கள் அவற்றைக் கைப்பற்றி அவற்றின் வழியே வங்கிக் கணக்குவரை புகுவர் என்று கூகுள் தன் முடிவுக்குக் காரணம் கூறியது. இதை நாம் முழுமையாக ஏற்கிறோம். எனினும் கதவைப் பூட்டி முத்திரையிடுவதும் வீட்டை இடித்துத் தள்ளுவதும் வேறுவேறு. வங்கி செயலற்ற கணக்கை முடக்குகிறது, மோசடியிலிருந்து காக்கிறது, பணத்தை அழிப்பதில்லை.

மூன்றாவதாக, தனிமை உரிமை. ஒருவர் இறந்தபின் அவர் கடிதங்களைக் குடும்பத்தார் படிக்கலாமா? 2004-ஆம் ஆண்டு ஈராக்கில் உயிரிழந்த அமெரிக்கப் படைவீரர் ஒருவரின் பெற்றோர் மகனின் யாஹூ கடிதங்களைக் கேட்டபோது, பயனருடன் செய்த ஒப்பந்தம் இடங்கொடாது என்று அந்நிறுவனம் மறுத்தது. 2005 ஏப்ரலில் மிச்சிகன் மாநில நீதிமன்றம் ஆணையிட்ட பின்னரே கடிதங்களின் நகல் பெற்றோருக்குக் கிடைத்தது. யாஹூவின் மறுப்பிலும் ஒரு நியாயம் இருந்தது என்றே நாம் எண்ணுகிறோம். எல்லாக் கடிதமும் எல்லாரும் படிப்பதற்கல்ல. அதனால்தான் முடிவைக் கணக்குதாரரே உயிருடன் இருக்கும்போது எடுத்து வைப்பது நல்லது. வங்கியில் நாமினி நியமிப்பது அதற்குத்தானே. 2025 நவம்பர் முதல் நாளிலிருந்து வைப்புக் கணக்குக்கு நால்வர் வரை நாமினிகளை நியமிக்க வழி ஏற்பட்டுவிட்டது. கூகுளிலும் அதுபோன்ற ஓர் ஏற்பாடு 2013 முதல் இருக்கிறது. நாம் குறிப்பிட்ட மாதங்கள் உள்நுழையாவிட்டால் நம் கடிதங்கள் யாரிடம் சேர வேண்டும், அல்லது அழிய வேண்டுமா என்பதை அமைப்புப் பக்கத்தில் எழுதி வைக்கலாம். அதனைச் செய்து வைத்திருப்பவரைத் தங்கவயலில் நாம் இன்னும் சந்தித்ததில்லை.

நம் நாட்டின் சட்டம் இத்திசையில் ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் இறந்தாலோ செயலிழந்தாலோ அவருடைய தரவு உரிமைகளைச் செலுத்த வேறொருவரை நியமிக்கும் உரிமையை வழங்குகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஆயினும் அச்சட்டத்தின் பொதுவான நோக்கு, தேவை முடிந்த தரவை நிறுவனங்கள் அழிக்க வேண்டும் என்பதே. கடையில் கொடுத்த கைப்பேசி எண்ணுக்கு அது நல்ல விதி. தாய்க்கு மகன் எழுதிய கடிதத்தின் தேவை எப்போது முடிகிறது? நிறுவனம் சேகரித்த தரவு வேறு, நாம் காக்கக் கொடுத்த உடைமை வேறு என்ற பாகுபாடு சட்டத்தில் தெளிவாக வர வேண்டும். செயலற்ற பெட்டியை அழிக்குமுன் கைப்பேசி, மாற்று முகவரி, நாமினி ஆகிய மூவழியிலும் அறிவிப்பு. அதன்பின் முத்திரையிட்ட நிலையில் பத்தாண்டுப் பாதுகாப்பு. தகுந்த சான்றுடன் வருவோருக்குக் கட்டணம் பெற்றேனும் நகல். இதுவே நமது கோரிக்கை. வங்கிகளுக்கு இயன்றது இந்நிறுவனங்களுக்கு இயலாது என்று நம்புவது கடினம்.

ஒரு நிறுவனம் சேவையையே நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழரிடமே சான்று உண்டு. அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற யாஹூ மின்னஞ்சல் குழுக்களில் உலகெங்கும் வாழ்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடல்கள் எழுதினர். இணையத் தமிழின் இளமைப் பருவம் அங்கேதான் கழிந்தது. 2019 அக்டோபரில் யாஹூ, குழுக்களின் உள்ளடக்கத்தை நீக்கப்போவதாக அறிவித்தது. நகல் எடுக்க 2020 ஜனவரி இறுதிவரை அவகாசம். அவ்வாண்டு டிசம்பரில் குழுக்கள் முற்றிலும் மூடப்பட்டன. இங்கும் இந்தியாடைம்ஸ் தன் மின்னஞ்சல் சேவையை 2013-இல் நிறுத்தியது. செய்தி அறிந்தவர் நகலெடுத்துக் கொண்டனர். அறியாதவருக்கு இழப்பு.

தங்கவயலில் சுரங்கங்கள் விட்டுச்சென்ற சயனைடு மேடுகளில் மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவு மண் குவிந்து கிடக்கிறது. காற்றடித்தால் ஊரெல்லாம் புழுதி. அதன் தீங்கை இவ்வூர் மக்கள் நன்கறிவர். ஆனால் அம்மண்ணில் இன்னும் சிறிதளவு பொன் இருப்பதால், 13 மேடுகளிலிருந்து அதனைப் பிரித்தெடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-இல் இசைவளித்தது. கழிவென்று கொட்டியது அங்கேயே கிடந்ததால் இந்த மறுபேச்சுக்கு இடமிருந்தது. நீக்கப்பட்ட அஞ்சற்பெட்டிக்கு அப்படியொரு மேடுகூட மிஞ்சுவதில்லை.

சட்டம் வரும்வரை நாம் செய்யத்தக்கவை எளியவை. உங்கள் பழைய முகவரிகள் எத்தனை என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு மூன்றாவது தேறும். ஒவ்வொன்றிலும் உள்நுழைந்து, இப்போது கையிலுள்ள கைப்பேசி எண்ணை மீட்பு எண்ணாகப் பதியுங்கள். அவ்வாறு நுழைந்தாலே இரண்டாண்டுக் கெடு புதிதாகத் தொடங்கும். பிறகு நகல் எடுங்கள். கூகுள் கணக்கில் ‘டேக்அவுட்’ என்னும் வசதி 2011 முதல் உள்ளது; கடிதங்கள் முழுவதையும் ஒரே கோப்பாகத் தரும். அக்கோப்பைத் திறக்கத் ‘தண்டர்பேர்டு’ போன்ற இலவச மென்பொருள் போதும். வேறு சேவைகளின் கடிதங்களையும் அம்மென்பொருள் வழியே கணினிக்கு இறக்கிக்கொள்ளலாம். நகலை ஒரே இடத்தில் வைக்காமல், வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்கிலும் உறவினர் வீட்டில் இன்னொன்றிலும் வைப்பது நன்று. மிக வேண்டிய பத்துக் கடிதங்களை அச்செடுத்துவிடுங்கள். கரையான் பயமிருந்தால் லேமினேட் செய்யலாம்.

வங்கி தொடர்பாக இரண்டு செய்திகள். உங்கள் கணக்கறிக்கையும் வைப்பு அறிவிப்புகளும் எந்த மின்னஞ்சல் முகவரிக்குச் செல்கின்றன என்பதைக் கிளையில் கேட்டறியுங்கள். நீங்கள் கைவிட்ட முகவரிக்குச் சென்றுகொண்டிருந்தால் உடனே மாற்றுங்கள். சில நிறுவனங்கள் கைவிடப்பட்ட முகவரியைப் புதியவருக்கு வழங்கியதும் உண்டு. யாஹூ 2013-இல் அவ்வாறு செய்தது. அப்படியாயின் உங்கள் கணக்கறிக்கையை வேறொருவர் படிப்பார். அடுத்து, “உங்கள் அஞ்சற்பெட்டி இன்றிரவு அழிக்கப்படும், கடவுச்சொல்லை இங்கே இடவும்” என்று வரும் கடிதம் எதையும் நம்பாதீர்கள். இழப்பைப் பற்றிய அச்சத்தையே மோசடிக்காரர் தூண்டிலாக்குகின்றனர். கடிதத்திலுள்ள இணைப்பைத் தொடாமல், வழக்கமாக நுழையும் வழியிலேயே நுழைந்து பாருங்கள்.

பழைய தமிழ் மடல்களை மீட்டவர் ஒரு சிக்கலை எதிர்கொள்ளலாம். ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் மடல்கள் டிஸ்கி, டாப் முதலிய குறியேற்றங்களில் எழுதப்பட்டன. இன்றைய திரையில் அவை பொருளற்ற குறிகளாகத் தெரியும். கெட்டுப்போனதென்று எண்ணி அழித்துவிட வேண்டாம். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

பெட்டி ஏற்கெனவே போய்விட்டவர்களுக்கும் ஒரு வழி எஞ்சியிருக்கிறது. ஒவ்வொரு மின்னஞ்சலும் குறைந்தது இரண்டு பெட்டிகளில் இருக்கும். எழுதியவரின் பெட்டியில் ஒன்று, பெற்றவரின் பெட்டியில் ஒன்று. நீங்கள் எழுதியவை மாமா வீட்டிலும், அக்காவின் பழைய முகவரியிலும், அன்றைய அறைத்தோழரிடமும் இன்னும் இருக்கக் கூடும். அவர்களுடைய கெடு எப்போது முடிகிறது என்பது நமக்குத் தெரியாது. இந்த வாரமே ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடலாம்.